இலையும் மொட்டும்

பிப்ரவரி 4

கோயம்புத்தூர் டாக்டரம்மா தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். காய்ச்சல் எவ்வளவு, என்ன சாப்பிட்டாள், வாந்தி உண்டா. நூல் கடையில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. அதில் எழுதுகிறேன்.

காலை ஒரு இட்லி. மதியம் ரசம் சோறு, பாதி மீதம். காய்ச்சல் இல்லை. வாந்தி ஒரு தடவை, மலை ஏறும்போது பஸ்ஸில்.

ஊசி போட வந்த நர்ஸ் என்னைப் பார்த்து, "நீங்க பேஷண்டுக்கு அம்மாவா?" என்று கேட்டாள். எனக்கும் மங்கைக்கும் ஐந்து வயதுதான் வித்தியாசம். மங்கை சிரித்துவிட்டாள். "எங்க அண்ணி" என்றாள். "அண்ணியா கூட வந்திருக்காங்க?" என்று நர்ஸ் ஆச்சரியப்பட்டாள். வேறு யார் வருவார்கள்? அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், இறந்து போய் எட்டு வருடம் ஆகிறது. அவளுடைய புருஷன் திருப்பூரில் இருக்கிறான் என்பதோடு சரி.

டாக்டரம்மா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். அதை எழுதச் சொல்லவில்லை. எழுதவில்லை.

பிப்ரவரி 9

காய்ச்சல் 99. கஞ்சி இரண்டு வேளை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் யூனிபார்ம் பாவாடைக்கு இடுப்புப் பட்டி தைத்தேன். மெஷின் சத்தம் தலைக்குள் கேட்கிறது என்றாள் மங்கை. மெஷினைத் தூக்கிப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

பிப்ரவரி 18

இந்த வீட்டில் ரொம்ப நாள் இரண்டு அடுப்பு எரிந்தது. அவர் இருந்தவரை எனக்கும் மங்கைக்கும் நடுவில் அவர் நின்றார். அவர் போனபிறகு அவள் சமையலை அவள் பார்த்துக்கொண்டாள், என் சமையலை நான். காலையில் போஸ்ட் ஆபீஸுக்குக் கிளம்பும்போது "வர்றேன் அண்ணி" என்பாள். நான் தலையை ஆட்டுவேன். அவ்வளவுதான் பேச்சு. வயிற்றில் கட்டி என்று தெரிந்த மறுநாள் அவள் கேஸ் அடுப்பை நான் கழற்றி வைத்தேன். அன்றிலிருந்து அவளுக்கும் என் அடுப்பில்தான் சமையல்.

இன்று எதிர்வீட்டு எபனேசர் சார் வந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தென்னாப்பிரிக்காவில், கேப்டவுனில் மகள் வீட்டில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பினார். காகிதத்தில் மடித்துக் கொஞ்சம் விதை கொடுத்தார். மிளகைவிடச் சின்னது, கறுப்பு.

"சிஸ்டர், மக வீட்டுத் தோட்டம் பூரா இதுதான். நம்ம அவரை, துவரை ஜாதி. ஆனா பூவுக்குன்னு வளக்கறாங்க. சிவப்பா, கிளி மூக்கு மாதிரி தொங்கும். நம்ம குன்னூர் குளிருக்கு நல்லா வரும்."

"பேர் என்ன சார்?"

அவர் மங்கை படுத்திருந்த அறைப் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"அங்க கேன்சர் புஷ், கேன்சர் செடின்னு சொல்றாங்க. அந்த ஊர் ஜனங்க அந்தக் காலத்துல இலையைக் கஷாயம் வெச்சுக் குடிப்பாங்களாம். அதெல்லாம் பேச்சுதான், நிரூபணம் ஒண்ணும் கிடையாது. நான் பூவுக்காகத்தான் கொண்டாந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல சார்" என்றேன். காகிதத்தை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். வாசலில் நின்றபடியே அவரை அனுப்பிவிட்டேன். காபி குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை.

மார்ச் 2

பனி விட்டுவிட்டது. விதையின் தோல் கெட்டியாக இருக்கும், கீறிவிட்டு வெந்நீரில் ஊறப்போட வேண்டும் என்று எபனேசர் சார் சொன்னார். ஊசி எனக்குப் பழக்கம்தான். ஒவ்வொன்றாக எடுத்து முனையால் கீறினேன். ஊறியபிறகு பருத்துத் தண்ணீருக்கு அடியில் போனதை மட்டும் எடுத்து, மணல் கலந்த மண்ணில், பால் கவரில் போட்டேன்.

மங்கை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி அது?"

"பூச்செடி."

"நீங்களா? வீட்டு வாசல்ல ஒரு ரோஜா வைக்கறேன்னு கேட்டப்போ, பூச்சி வரும்னு சொன்னீங்க."

"இது பூச்சி வராத செடி."

காய்ச்சல் 100. இரண்டு தோசை.

மார்ச் 19

முளைத்துவிட்டது! வளைந்த கழுத்தோடு மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்கிறது. மத்தியானம்வரை நான் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பாவாடை வாங்க வந்த ஸ்கூல் பியூன் கூப்பிட்டது காதில் விழவில்லை.

மருந்து ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து மங்கைக்கு முடி கொட்டுகிறது. தலையணை உறையை அவள் எழுவதற்குள் மாற்றிவிடுகிறேன்.

ஏப்ரல் 7

எபனேசர் சார் போனில் அந்தப் பூவின் படத்தை மங்கையிடம் காட்டியிருக்கிறார். பேரைச் சொல்லவில்லை என்று எனக்குச் சத்தியம் செய்தார். நான் தண்ணீர் ஊற்றும்போது அவளும் எழுந்து வந்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். செடிகளுக்கு இப்போது விரல் உயரம். சாம்பல் பூத்த மாதிரி பச்சை. இலை புளிய இலை மாதிரி பொடிப்பொடியாக இருக்கிறது.

"அண்ணி, அந்தப் பூவைப் பாத்தீங்களா? யாரோ பட்டுத்துணியில தைச்சுத் தொங்கவிட்ட மாதிரி இருக்கு. எப்பப் பூக்கும்?"

"ஒரு வருஷத்துக்குள்ள பூக்குமாம்."

"ஒரு வருஷம்" என்றாள். விரலால் ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தாள். நான் "தொடாதே" என்று அதட்டிவிட்டேன். ஏன் அதட்டினேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 8

காய்ச்சல் இல்லை. ரவை உப்புமா. பேச்சு இல்லை.

ஜூன் 14

பனிமூட்டமும் தூறலும். வெயில் முகத்தைப் பார்த்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. செடிகள் ஒவ்வொன்றாக, தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து, சாய்ந்துவிடுகின்றன. காலையில் போய்ப் பார்த்தால் ஒன்று விழுந்திருக்கும்.

"தண்ணி அதிகமாயிடுச்சு சிஸ்டர். இது வறண்ட பூமிச் செடி. கவனிக்காம விட்டிருந்தாலே வந்திருக்கும்" என்றார் எபனேசர் சார்.

கவனிக்காமல் விடுவதாம்.

ஜூன் 22

ஒன்றுதான் மிச்சம். அதை மண் தொட்டிக்கு மாற்றி, மங்கையின் ஜன்னலுக்கு வெளியே, கூரைத் தகடு மறைக்கும் இடத்தில் வைத்தேன். அங்கே மழை படாது, வெளிச்சம் வரும். மங்கை தன் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொன்னாள்.

காய்ச்சல் 101. தண்ணீர் மட்டும்.

ஜூலை 28

செடி முழங்கால் உயரம் வந்துவிட்டது. பக்கத்தில் கிளை விட்டிருக்கிறது. போன வாரம் அடி இலைகள் கொஞ்சம் பறித்து நிழலில் காயவைத்ததை இன்று கொதிக்கவைத்தேன். முதலில் நான் குடித்துப் பார்த்தேன். வேப்பங்கொழுந்து எல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. ராத்திரி வரைக்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜூலை 29

சுக்குக் காபியில் அதிகமாகக் கருப்பட்டி தட்டிப் போட்டு, அதில் கஷாயத்தை ஊற்றி மங்கைக்குக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சுக்கு ஜாஸ்தி அண்ணி."

"உடம்புக்கு நல்லது."

முழுவதும் குடித்தாள்.

ஆகஸ்ட் 11

காலை மூன்று இட்லி! மதியம் தானாகக் கேட்டு மீன் குழம்பு சாப்பிட்டாள். காய்ச்சல் இல்லை. வாந்தி இல்லை.

ஆகஸ்ட் 15

மங்கை போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் நடந்து போனாள். லீவு நாள், கொடி ஏற்றுவதைப் பார்க்க வேண்டும் என்றாள். தலையில் நான் தைத்துக் கொடுத்த துணித் தொப்பி. அவளோடு வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அவளைச் சுற்றி நின்றார்கள். திரும்பும்போது இறக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

டாக்டர்களுக்கு எல்லாம் தெரியும் என்று யார் சொன்னது?

இலை பறிப்பதைக் கொஞ்சம் கூட்டினேன்.

செப்டம்பர் 10

ஆஸ்பத்திரி. நல்ல செய்தியோடு வருவோம் என்று நினைத்துத்தான் போனேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. கல்லீரல் கெட்டிருக்கிறது, இந்த நிலைமையில் மருந்து ஏற்ற முடியாது என்றார். மங்கையின் கண் இமையை விரித்து வெள்ளையைப் பார்த்தார். எனக்கும் காட்டினார். மஞ்சளாக இருந்தது. நான் கவனிக்கவில்லை. தினமும் பார்க்கிற கண்.

"நாட்டு மருந்து, கஷாயம் ஏதாவது குடுக்கறீங்களா?"

"இல்லைங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. திட்டறதுக்காகக் கேக்கல. எனக்குத் தெரிஞ்சாதான் அதுக்கேத்த மாதிரி பாக்க முடியும்."

"இல்லைங்க டாக்டர். இட்லி, கஞ்சி, சுக்குக் காபி. எழுதி வெச்சிருக்கேன், வேணும்னா பாருங்க" என்று சொன்னேன். டைரியைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

மங்கை தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம், நான் பக்கத்தில். பர்லியார் தாண்டி வளைவு ஆரம்பித்தபோது கேட்டாள்.

"டாக்டர்கிட்ட ஏன் அண்ணி பொய் சொன்னீங்க?"

பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"என்ன பொய்?"

"நீங்க இலை பறிக்கறது என் ஜன்னலுக்கு வெளிய. காயவைக்கறது என் கட்டிலுக்கு மேல பரண்ல. நான் கண்ணை மூடினா தூங்கறேன்னு நினைச்சீங்களா? படம் காட்டினதுக்கு அப்புறம் எபனேசர் சார்கிட்டப் பேரைக் கேட்டு வாங்கி, ஏப்ரல்லயே போன்ல பாத்துட்டேன்."

"தெரிஞ்சும் ஏண்டி குடிச்ச?"

அவள் வெளியே பார்த்தாள். கீழே பள்ளத்தில் மேகம் கிடந்தது.

"நீங்க டம்ளரைக் குடுத்துட்டு என் மூஞ்சியவே பாத்துட்டு நிப்பீங்க. குடிச்சு முடிச்சா, உங்க மூஞ்சியில ஒரு வெளிச்சம் வரும். எங்க அண்ணன் இருந்தப்போகூட நான் அதைப் பாத்ததில்லை. அதுக்காகத்தான் குடிச்சேன்."

நான் அழவில்லை. பஸ்ஸில் ஆட்கள் இருந்தார்கள்.

"அந்த இலைதான் கல்லீரலைக் கெடுத்துச்சா?" என்று கேட்டேன்.

"கட்டி அங்கயும் போயிருக்கும். டாக்டர் போன தடவையே அப்படித்தான் சொன்னாங்க, நீங்க காதுல வாங்கல. எதுன்னு யாருக்குத் தெரியும்? விடுங்க." பிறகு, "அண்ணி, இனிமே பறிக்காதீங்க. செடி மொட்டு வைக்கட்டும். எனக்கு அந்தப் பூவை ஒரே ஒரு தடவை நேர்ல பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

"சரி" என்றேன்.

"சும்மா சொல்லாதீங்க."

"சரிடி, பறிக்கல."

செப்டம்பர் 11

பறிக்கவில்லை.

செப்டம்பர் 20

பறிக்கவில்லை. வயிறு உப்புகிறது. கால் வீக்கம். கஞ்சி அரை டம்ளர்.

அக்டோபர் 6

மொட்டு வைத்துவிட்டது. நுனியில் கொத்துக் கொத்தாக, அரிசி அளவு. மங்கைதான் முதலில் பார்த்தாள். "அண்ணி! அண்ணி!" என்று கத்தினாள். அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கையில் கத்தரிக்கோலோடு ஓடி வந்தேன். கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். மஞ்சள் விரல்.

எபனேசர் சாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு மூன்று வாரத்தில் விரிந்துவிடும் என்றார்.

அக்டோபர் 15

ஆஸ்பத்திரி. வயிற்றில் இருந்து தண்ணீர் எடுத்தார்கள். டாக்டரம்மா என்னை உட்காரவைத்து, இனிமேல் இவ்வளவு தூரம் அலைக்க வேண்டாம், வலிக்கு மருந்து தருகிறேன், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

"பிப்ரவரியிலயே சொன்னேனே ருக்மணியம்மா. இதைக் குணப்படுத்த முடியாது, நாளைத்தான் கொஞ்சம் நீட்டலாம்னு."

ஆமாம், சொன்னார். அந்த அறையில் மேஜைமேல் கண்ணாடி, அதன் அடியில் ஒரு குழந்தை படம் இருந்தது. நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்தது.

அக்டோபர் 17

எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் வலி மாத்திரை கொடுத்தபிறகு மங்கை தூங்கினாள். நான் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போது தோன்றியது. நாம் கொடுத்தது கொஞ்சம் கொஞ்சம். காபியில், கருப்பட்டியில், ஒளித்து ஒளித்து. அந்த ஊரில் அப்படியா கொடுத்திருப்பார்கள்? முழுசாக, கெட்டியாகக் கொடுத்திருப்பார்கள். நடுவில் ஒரு மாதம் நிறுத்தியும் விட்டோம். நிறுத்தியதால்தான் இப்படி ஆனது. ஆகஸ்டில் அவள் நடந்தாளே. மீன் குழம்பு சாப்பிட்டாளே.

கையைக்கூடத் துடைக்கவில்லை. வெளியே போனேன். தண்டை இடது கையால் பிடித்து, வலது கையால் அடியில் இருந்து நுனி வரை உருவினேன். ஒரு கிளை, அடுத்த கிளை. கறிவேப்பிலை உருவுகிற மாதிரிதான். இலையோடு மொட்டும் வந்தது. சில மொட்டு சிவப்பு எட்டிப் பார்க்கிற அளவுக்குப் பெரிதாக இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அதையும் உருவினேன். புடவை மடி நிறைந்துவிட்டது.

நிமிர்ந்தபோது மங்கை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விழித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

அவள் என்னைப் பார்த்தாள், மொட்டைச் செடியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

நான் உள்ளே வந்து கொதிக்கவைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. டம்ளரோடு அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"வேணாம்னா வேணாம் மங்கை."

"குடுங்க அண்ணி. பறிச்சாச்சுல்ல."

தலையைத் தூக்கிப் பிடித்தேன். குடித்தாள். இரண்டு வாய் உள்ளே போயிருக்கும். மூன்றாவது வாயில் எல்லாம் வெளியே வந்துவிட்டது, என் மடியில். துடைத்துவிட்டேன். நைட்டி மாற்றினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, என் முழங்கை மேல் கையை வைத்தபடி இருந்தாள்.

"உங்க மேல கோவம் இல்ல" என்றாள்.

கோபப்பட்டிருக்கலாம்.

அக்டோபர் 19

எபனேசர் சார் கேப்டவுன் மகளிடம் சொல்லி, அவள் தோட்டத்துப் பூவை வீடியோவாக வாங்கி வந்தார். மங்கையின் முகத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். காற்றில் சிவப்பாக ஆடிக்கொண்டிருந்தது. மங்கை பார்த்தாள், "நல்லா இருக்கு சார்" என்றாள். உடனே கண்ணை மூடிக்கொண்டாள். அவர் வெளியே போய் என்னிடம் முகம் கொடுக்காமல் நின்றார். பிறகு, "நான் அந்தப் பேரைச் சொல்லியிருக்கக் கூடாது சிஸ்டர்" என்றார்.

அக்டோபர் 27

மழை. வலி மருந்து இரண்டு வேளை. தண்ணீர் ஸ்பூனில்.

நவம்பர் 2

செடி துளிர்க்கவில்லை. தினமும் காலையில் நகத்தால் தண்டைக் கீறிப் பார்க்கிறேன். இன்று உள்ளேயும் பழுப்பு.

நவம்பர் 5

மங்கை போய்விட்டாள். காலை வெளிச்சம் வந்தபிறகு. நான் பக்கத்தில் இருந்தேன்.

நவம்பர் 8

மலைப்பாதையில் மண் சரிந்து கீழே இருந்து யாரும் வர முடியவில்லை. வர வேண்டியவர்கள் என்று, திருப்பூரில் இருக்கிற அவள் புருஷனைத் தவிர, யாரும் இல்லை. போஸ்ட் ஆபீஸ்காரர்கள்தான் தூக்கினார்கள். கொள்ளி வைக்க ஆள் இல்லை என்று பேச்சு வந்தது. நான் வைக்கிறேன் என்றேன். பெண்கள் வரக் கூடாது என்றார் ஒரு பெரியவர். போஸ்ட்மாஸ்டர் அவரிடம் ஏதோ சொல்லி அழைத்துப் போய்விட்டார். நான்தான் கொள்ளி வைத்தேன். விறகு நனைந்திருந்தது, பற்றவே ரொம்ப நேரம் ஆனது.

நவம்பர் 21

காய்ச்சல் என்று எழுதிவிட்டு அப்புறம் அடித்தேன்.

டிசம்பர் 12

தைக்கக் கொடுத்த துணி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றவில்லை. எழுந்தால் எந்த அறைக்கு எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை. எபனேசர் சார் வீட்டிலிருந்து சாப்பாடு வருகிறது. சில நாள் திறந்து பார்க்காமல் அப்படியே திருப்பி அனுப்புகிறேன். அவர் மனைவி மறுநாளும் கொண்டுவந்து வைக்கிறார்.

டிசம்பர் 20

இன்று ஒரு பெண் வந்தாள். அருவங்காட்டில் இருந்து. பேர் பரமேஸ்வரி என்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரி போகிற பஸ்ஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா, உங்ககிட்ட கேன்சர் செடி இருக்காமே. ஆப்பிரிக்காச் செடி. எங்க வீட்டுக்காரருக்குத் தொண்டையில. டாக்டர் கைவிரிச்சுட்டாங்க. கொஞ்சம் இலை குடுங்கக்கா, உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன்."

நிஜமாகவே குனிந்துவிட்டாள். நான் பின்னால் நகர்ந்தேன்.

"என் நாத்தனாருக்குக் குடுத்தேன். செத்துப் போயிட்டா" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த வார்த்தை அவள் காதுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது எனக்குத் தெரிந்தது.

"மிச்சம் இருக்காக்கா?"

இருந்தது. பரணில் பாட்டிலில். காய்ந்த இலை, நடுவில் கறுத்த மொட்டுகள்.

"செடி பட்டுப்போச்சு" என்றேன். அது பொய் இல்லை. பிறகு, "உன் வீட்டுக்காரருக்கு என்ன ஆசை?" என்று கேட்டேன்.

அவளுக்குப் புரியவில்லை.

"ஏதாவது கேட்டிருப்பாரே. சாப்பிடணும், பாக்கணும், எங்கயாவது போகணும்னு."

"அவரா? தூத்துக்குடிக்காரர். கடலைப் பாக்கணும்னு சொல்லிட்டே இருக்காரு. இந்த உடம்போட எங்கக்கா போறது? முதல்ல உடம்பு தேறட்டும், அப்புறம் போலாம்னு சொல்லியிருக்கேன்."

"கூட்டிட்டுப் போ. நாளைக்கே ஒரு வண்டி பிடிச்சுக் கூட்டிட்டுப் போ."

அவள் முகம் சிவந்தது. "இலை கேட்டு வந்தா கடலுக்குப் போகச் சொல்றீங்க. அவர் செத்துடுவார்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா? இருந்தும் குடுக்க மனசில்லாதவங்க ஒரு வார்த்தையில இல்லைன்னு சொல்லியிருக்கலாம்" என்றாள். அழுதுகொண்டே செருப்பை மாட்டினாள். ஒரு கால் சரியாக நுழையவில்லை, அப்படியே இழுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

நான் வாசலுக்கு ஓடினேன். "பரமேஸ்வரி, கடலுக்குப் போ! போயிட்டு வா!" என்று கத்தினேன். எபனேசர் சார் வீட்டில் ஜன்னல் திறந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு யாரிடமாவது கேட்கப் போய்க்கொண்டிருந்தாள்.

அவள் கடலுக்குப் போக மாட்டாள். நானாக இருந்தாலும் போயிருக்க மாட்டேன்.